சர்வேசுரன் தூக்க மாட்டாத கல் உண்டா?



சென்ற ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, “சுவாமி, சர்வேசுரன் தம்மாலேயே தூக்க முடியாத ஒரு கல்லை உண்டாக்க முடியுமா?” என்று கேட்டான். முடியும் என்றால் அந்தக் கல்லை அவரால் தூக்க முடியாது. முடியாது என்றால் உண்டாக்க முடியாது. ஆகவே அவர் எல்லாம் வல்லவர் அல்ல என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனை வளர்க்கும் பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் போனபின் என்னிடம் வந்து, “கல்லு கெடக்கட்டும் சாமி. இவன் அம்மாவைப் பொழைக்க வைக்க அவருக்கு முடியலையா, மனசில்லையா?” என்றார்.

பேரன் விளையாட்டாய்க் கேட்டதைப் பாட்டி கண்ணீரோடு கேட்டார். எல்லாம் வல்லவர் என்பதற்கு அர்த்தம் என்ன என்பதே இருவர் கேள்வியும்.

பெயரின் பொருள்

1578-ம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறு நூலில் அண்டிரிக்கு அடிகள் கடவுளைத் ‘தம்பிரான்’ என்றார். 1606-ல் மதுரை வந்த தத்துவ போதக சுவாமிகள் ‘சருவேசுரன்’ என்ற பெயரை வழங்கினார். சருவத்துக்கும் ஈசுரன், அதாவது இருப்பவை அனைத்துக்கும் ஆண்டவர் என்று பொருள். இன்று நாம் கடவுள் என்றும் இறைவன் என்றும் சொல்லுகிறோம். எப்பெயரால் அழைத்தாலும், அவர் உலகத்துப் பலசாலிகளில் பெரிய பலசாலி என்று எண்ணிவிடக் கூடாது. பலசாலிகள் உட்பட எல்லாம் இருப்பதற்கே அவர் காரணர்.

கல்லைப் பற்றிய கேள்வி

நம் மண்டகப்பட்டுப் பாறையைப் பாருங்கள். 7-ம் நூற்றாண்டில் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் அதைக் குடைந்து கோயிலாக்கினான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் ‘விசித்திரசித்தன்’ இதைச் செய்வித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுச் சொல்லுகிறது. விசித்திரசித்தன் என்பது அவனுடைய பட்டப்பெயர். அரிய வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் நான்கு பொருளை விலக்கிய அரசனுக்கும் பாறை வேண்டியிருந்தது, உளி வேண்டியிருந்தது, தச்சர் கைகளும் பல நாளும் வேண்டியிருந்தன. மனிதன் இருப்பதை மாற்றுகிறான். சர்வேசுரனோ ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார் என்று 1215-ம் ஆண்டு நான்காம் லாத்தரான் பொதுச்சங்கம் போதித்தது. அவருக்குப் பாறையும் வேண்டியதில்லை.

இனிச் சிறுவனின் கல்லுக்கு வருவோம். ஒரு கல் இருப்பதே சர்வேசுரன் அதைத் தாங்குவதால்தான். அப்படியிருக்க, ‘அவருக்கு அடங்காத கல்’ என்பது ‘நான்கு மூலையுள்ள வட்டம்’ என்பதைப் போன்றது. வாயால் சொல்லலாம், அந்தச் சொல்லுக்குள் பொருள் இல்லை. மலடாயிருந்த எலிசபெத்தம்மாளுக்குப் பிள்ளை கொடுக்கச் சர்வேசுரனால் கூடும், கொடுத்தார். ஆனால் ஒருத்தி பிள்ளையே பெறாதவளாகவும், அதே சமயத்தில் பிள்ளை பெற்றவளாகவும் இருப்பது வெறும் பேச்சு. முன்னது அரிய காரியம். பின்னது காரியமே அல்ல. இப்படிப்பட்டவற்றைச் ‘சர்வேசுரனால் செய்ய முடியாது’ என்பதைவிட, ‘அவை செய்யப்படக் கூடியவை அல்ல’ என்பதே சரி என்று 1274-ல் மரித்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விளக்கினார்.

அதுபோலவே சர்வேசுரன் பொய் சொல்ல மாட்டார். பாவம் செய்ய மாட்டார். தம்மைத் தாமே மறுக்க மாட்டார் என்று அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். இது வல்லமைக் குறைவு அல்ல. பொய் பலவீனத்தின் பிள்ளை அல்லவா?

பாட்டியின் கேள்வி

தருக்கம் இதுவரை வரும். தாய் இல்லாத வீட்டு வாசலில் அது நின்றுவிடுகிறது. ‘அந்தப் பெண் ஏன் மரித்தாள்?’ என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிற ஆறுதல்காரர் வேண்டாம். யோபுவின் சிநேகிதர் அப்படிப் பேசித்தான் சர்வேசுரனுடைய கோபத்துக்கு ஆளானார்கள். ‘உன் பாவத்தால் வந்தது’ என்று துக்க வீட்டில் சொல்லுகிறவன் யோபுவின் சிநேகிதனே.

ஆனால் ‘முடியலையா, மனசில்லையா’ என்ற இரண்டு வழி மட்டுந்தானா உண்டு? ஜெத்சேமனித் தோட்டத்தில் சேசுநாதர் முழந்தாளில் நின்று, பிதாவால் எல்லாம் கூடும் என்று அறிக்கையிட்டு, பாத்திரம் அகலும்படி மன்றாடினார். பாத்திரம் அகலவில்லை. பிதாவுக்கு வல்லமை இல்லையா? உண்டு. மகன்மேல் அன்பில்லையா? உண்டு. சிலுவையைத் தவிர்க்காமல் அதன் வழியாகவே உத்தானத்தைக் கொண்டுவந்தார். தீமையிலிருந்தும் நன்மையை வருவிக்க வல்லவராயிராவிட்டால் சர்வேசுரன் தீமையை அனுமதித்திருக்கவே மாட்டார் என்பது அர்ச். அகுஸ்தீனின் போதனை. அந்த நன்மையை நாம் இங்கே காணாமல் போகலாம். வெள்ளிக்கிழமை மாலையில் சிலுவையடியில் நின்ற தேவமாதாவும் அதை இன்னும் கண்ணால் காணவில்லை.

விசுவாசப் பிரமாணம் ‘எல்லாம் வல்ல’ என்று சொல்லி நிறுத்தவில்லை. உடனே ‘பிதா’ என்கிறது. அந்தப் பாட்டியிடம் நான் சொல்லக் கூடியதாயிருந்தது இவ்வளவே: “அம்மா, இதை அவரிடமே கேளுங்கள். தகப்பனிடம் அழுது கேட்பது அவிசுவாசம் அல்ல.”

வீட்டில் பிள்ளைகளைக் கேட்க

வினா: சர்வேசுரன் எல்லாம் வல்லவர் என்றால் என்ன?
விடை: ஆகக்கூடியது எதுவோ அதையெல்லாம் தம் சித்தத்தால் செய்ய வல்லவர் என்று அர்த்தம்.

வினா: அவரால் பொய் சொல்ல முடியாதே, அது குறை அல்லவா?
விடை: அல்ல. பொய்யும் பாவமும் பலவீனம். அவரிடம் பலவீனம் இல்லை.

வினா: துன்பம் வரும்போது அவர் நம்மைக் கைவிட்டாரா?
விடை: இல்லை. தம் சுதனைச் சிலுவையில் கைவிடாமல் உயிர்ப்பித்தவர் நம்மையும் கைவிடார்.

இந்த வாரம் இரவுச் செபத்தில் விசுவாசப் பிரமாணத்தின் முதல் வாக்கியத்தை நிறுத்திச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் துக்கமுள்ள வீடு இருந்தால், காரணம் சொல்லப் போகாதீர்கள். ஒரு வேளைச் சோறு கொண்டு போங்கள்.

உங்கள் பங்குக் குரு