சாறும் மாரியும் ஊசியும்: பாலாற்றுத் தோல்தொழில் வட்டாரக் குடும்பங்களின் கூதிர்கால விழாக்களும் செலவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கியது பாலாற்றுத் தோல்தொழில் வட்டாரம். அங்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் தொழிலாளர் குடும்பங்கள் கொண்டாடும் விழாக்களையும் மேற்கொள்ளும் செலவுகளையும் புறநானூற்று 82ஆம் பாடலின் உவமைச் சூழலோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. விழாவுக்குரிய பொழுது தொழிற்பொழுதிலிருந்து மீட்டுப் பெறப்படுவது என்பதே இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கூதிர், சாறு, செலவு, கேதாரகௌரி நோன்பு, பாலாறு, தோல்தொழில்.

முன்னுரை

'இலையுதிர்காலம்' என்னும் சொல் மொழிபெயர்ப்புகளின் வழியே தமிழில் நிலைபெற்றுவிட்டது. அச்சொல் சுட்டும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலத்தில் பாலாற்றுப் பகுதியில் இலை உதிர்வதில்லை. வடகிழக்குப் பருவமழையால் குன்றுகள் பசுமை கொள்ளும் காலம் அது. ஜவ்வாது மலைக்காடுகள் இலை உதிர்ப்பதோ அதற்குப் பின்னரே. ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் எனப் பகுத்த உரையாசிரியர் மரபே இந்நிலத்துக்குப் பொருந்துகிறது.

எனினும் 'இலையுதிர்காலம்' இவ்வட்டாரத்தில் முற்றிலும் வழங்காத சொல் என்றும் கூற இயலாது. ஐரோப்பியக் காலணி வணிகம் ஆண்டை இளவேனில்-கோடை, இலையுதிர்-குளிர் என இருபருவமாகப் பகுத்து, ஏறத்தாழ அரையாண்டுக்கு முன்னரே பொருள்களைச் செய்யச் சொல்கிறது. ஆதலின் ஆம்பூரில் கூதிர் மழையின்போது தைக்கப்படுபவை பெரும்பாலும் அடுத்த ஆண்டுக் கோடைக்குரிய காலணிகளாகும். தைப்பவரின் பருவம் ஒன்று. தைக்கப்படும் பொருளின் பருவம் மற்றொன்று. இம்முரணை மனத்திற் கொண்டே இவ்வட்டாரத்து விழாக்களை அணுக வேண்டியுள்ளது.

உவமையுள் ஒரு வீடு

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மல்லனொடு பொருத விரைவைச் சாத்தந்தையார் புறநானூறு 82இல் பாடுகிறார். அவ்விரைவுக்கு அவர் காட்டும் உவமை, தோல்வாரால் கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவனின் கை ஊசி. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, அவன் மனைவிக்கு மகப்பேற்று வலி கண்டுவிட்டது, மழை பெய்கிறது, ஞாயிறும் மறைகிறது. இந்நான்கும் ஒருசேர நெருக்க, எடுத்த பணியை முடித்தாலன்றி எழ இயலாதவன் கையில் ஊசி விரைகிறது. (மன்னன் மல்லனை வென்ற முக்காவனாட்டு ஆமூரை ஒலியொப்புமை கருதி ஆம்பூரோடு இணைப்பது பொருந்தாது. இங்கு மேற்கொள்ளப்படும் ஒப்பீடு இடம் பற்றியதன்று, தொழில் பற்றியது.)

இப்பாடலை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஊசியின் விரைவையும் மன்னனின் விரைவையும் ஒப்பிட்டு அமைவர். 'இழிசினன்' என்னும் சொல் சாதி வரலாற்று ஆய்வுகளில் தனியே எடுத்தாளப்படுவதுண்டு. ஆனால் உவமைக்குள் ஒரு குடும்பம் இருப்பது போதிய கவனம் பெறவில்லை. அவ்வீட்டுப் பெண் ஈன்றாளா, அவன் விழாவுக்குச் சென்றானா என்பவற்றைப் பாடல் கூறாது. உவமை பயன்பட்டவுடன் பார்வை போர்க்களத்துக்குத் திரும்பிவிடுகிறது. விழா, வீடு, மழை, பொழுது ஆகிய நான்கும் தோல்தொழிலாளி ஒருவனின் கை ஊசியில் வந்து கூடும் இச்சூழல், பாலாற்று வட்டாரத்தின் கூதிரைப் பயில்வதற்கு ஒரு சட்டகமாக அமைகிறது.

மழையும் கூலியும்

தோல் பதனிடுதலில் உலர்த்தல் இன்றியமையாத படிநிலை. ஆவாரம்பட்டை முதலிய தாவரப் பொருள்களைக் கொண்டு பதனிட்ட பழைய முறையில் வெயிலும் காற்றும் குறையுங்கால் வேலை தேங்கும். எந்திர உலர்த்திகள் வந்தபின் டேனரிகளில் இத்தேக்கம் குறைந்தது. காலணி தைக்கும் கூடங்களுக்கோ மழை ஒரு பொருட்டன்று. தோலின் வேலை கூதிருக்கு அடங்கியிருக்க, ஷூவின் வேலை ஏற்றுமதி நாளுக்கு அடங்கியுள்ளது என்று இவ்வேறுபாட்டைச் சுருக்கலாம். 'ஷூ கம்பெனி' என மக்கள் வழங்கும் இக்கூடங்களில் தையலில் இருப்போருள் பெரும்பாலோர் பெண்கள். புறநானூற்றுத் தொழிலாளியின் மனைவி வீட்டில் வலியுற்றிருந்தாள். அவன் வெளியில் தைத்தான். இன்று ஊசி அவள் கைக்கு மாறியுள்ளது. விடியலில் கம்பெனி வேனில் ஏறி இருட்டிய பின் இறங்குபவளே தீபாவளிக்கு அதிரச மாவும் பிசைய வேண்டியிருக்கிறது.

சங்கத் தமிழில் 'செலவு' என்பது செல்லுதலைக் குறிக்கும். இன்று பொருள் செலவிடுதலைக் குறிக்கும். இவ்வட்டாரத்தில் ஐப்பசித் திங்களில் அவ்விரு பொருளும் ஒன்றாகின்றன. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்த அளவை 8.33 விழுக்காடாகவும் உச்ச அளவை 20 விழுக்காடாகவும் வகுத்து, கணக்காண்டு முடிந்த எட்டுத் திங்களுக்குள் வழங்கப் பணித்தது. மார்ச்சில் முடியும் கணக்காண்டுக்கு அவ்வெல்லை நவம்பர் இறுதி. சட்டம் கூதிரைக் கருதி எழுதப்பட்டதன்று. ஆயினும் அதன் எல்லை கூதிருக்குள் விழுகிறது. வழக்கமோ தீபாவளிக்கு முன்னரே அதை எதிர்பார்க்கிறது. துணிக்கடைக்குக் குடும்பத்தோடு செல்வதும், மகளைத் தலைத்தீபாவளிக்கு அழைத்து வருவதும், கடனை அடைப்பதும் அத்தொகை கைக்கு வரும் நாளைப் பொறுத்தவை. தொகை பிந்தினால் செலவும் பிந்தும், இருபொருளிலும்.

நோன்பும் விளக்கும்

வடஆற்காட்டுப் பகுதியில் தீபாவளி என்பது எண்ணெய்க் குளியலோடும் வெடியோடும் முடிவதன்று. அமாவாசையில் வரும் கேதாரகௌரி நோன்பே பல குடும்பங்களுக்குத் தலையாயது. அதிரசம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ ஆகியவற்றை இருபத்தொன்றாக எண்ணி வைத்துக் கோயிலுக்கு எடுத்துச் சென்று படைத்து, நோன்புக் கயிறு கட்டிக்கொள்வர். நோன்பு உள்ள வீடு, இல்லாத வீடு என்னும் பகுப்பு வழிவழியாகத் தொடர்வது. உள்ள வீட்டு அதிரசம் இல்லாத வீட்டுக்குச் செல்லும். படைத்த தட்டோடு தெருவில் நிரையாகச் செல்லும் பெண்களின் நடையே இவ்வட்டாரத்தின் மிகக் குறுகிய, மிகப் பொருள் செறிந்த வெளிச்செலவு எனலாம்.

கார்த்திகை விளக்கீட்டின் தொன்மைக்கு அகநானூறு 141 சான்றாகப் பலராலும் காட்டப்படுகிறது. நக்கீரரின் அப்பாடலில் விழா தனித்து வரவில்லை. பொருள் தேடிப் பிரிந்தவன், பலரும் கூடிக் கொண்டாடும் அவ்விழாவுக்கு வந்துசேர வேண்டும் என்னும் தலைவியின் விழைவே அங்கு மையம். 1989 வரை ஒரே மாவட்டத்துள் இருந்த திருவண்ணாமலைக்கு இவ்வட்டாரத்தார் தீபம் காணச் செல்வது இன்றும் பெருவழக்கு. செல்ல இயலாதார் வீட்டு வாயிலில் அகல் ஏற்ற, பனம்பூக் கரி பொதிந்த மாவளியைச் சிறுவர் சுழற்றித் தீப்பொறி வட்டம் காட்டுவர்.

தோல் வணிகத்தில் முன்னிற்கும் இசுலாமியக் குடும்பங்களின் பெருநாள்கள் பருவத்துக்குக் கட்டுப்பட்டவையல்ல. பிறையாண்டு ஏறத்தாழ பதினொரு நாள் குறைவதால் அவை சற்றொப்ப முப்பத்துமூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. 2006 அக்டோபரில் தீபாவளியும் ஈகைத் திருநாளும் சில நாள் இடைவெளியில் அமைந்தன. அத்தகைய ஆண்டுகளில் முதலாளி வீட்டு விழாவும் தொழிலாளி வீட்டு விழாவும் ஒரே விடுமுறைக்குள் அடங்கும். மற்ற ஆண்டுகளில் தனித்தனியே நிகழும். கிறித்தவக் குடும்பங்கள் நவம்பர் 2இல் கல்லறைகளைக் கழுவிப் பூவும் மெழுகுத்திரியும் வைப்பதும் இக்கூதிரிலேயே. அன்று மழை பெய்தால் குடைக்குள் திரி எரியும்.

நீர் காணச் செல்லுதல்

பரிபாடலின் வையைப் புதுப்புனல் விழாவோடு ஒப்புநோக்கத்தக்க ஒரு வழக்கம் இவ்வட்டாரத்தில் உண்டு. அதற்குப் பெயரில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றில் நீர் வந்த செய்தி கேட்டவுடன் குடும்பத்தோடு பாலத்துக்குச் சென்று நின்று பார்ப்பதே அது. குடியாத்தம் அருகே மோர்தானா அணை நிரம்பி வழியுங்காலும், திருப்பத்தூர் அருகே ஜலகாம்பாறை அருவி பெருகுங்காலும் இவ்வாறே கூட்டம் செல்லும். 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் பேரழிவுக்கு உள்ளாக்கிய பாலாறு, 2021 நவம்பரில் மீண்டும் பெருவெள்ளம் கண்டது. அப்போதும் பாலங்களில் வேடிக்கை பார்ப்போரைக் காவலர் விலக்க வேண்டியிருந்தது.

பரிபாடலில் புனல் கண்டோர் அதனுள் இறங்கி ஆடினர். பாலாற்றில் பார்ப்போர் பலர் இறங்குவதில்லை. வெள்ளத்தின் விசை மட்டும் அதற்குக் காரணமன்று. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதைப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியையும் நிறுவியது. அதன் பின்னரும் மழைநீரோடு கழிவு கலந்து நுரை பொங்கும் செய்தி கூதிர்தோறும் நாளேடுகளில் வருகிறது. தாம் செய்த தோலின் சாயம் கலந்த நீரையே தொழிலாளர் குடும்பங்கள் விழாவாகச் சென்று காண்கின்றன. புதுப்புனல் மரபை இடையறாத தொடர்ச்சியாகக் காட்டும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் கடந்து செல்வது முறையன்று.

பாலாற்றங்கரையிலுள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் கார்த்திகைக் கடைஞாயிறு சிறப்பாக நிகழ்கிறது. மகப்பேறு வேண்டும் பெண்கள் நள்ளிரவில் கோயில் தீர்த்தத்தில் மூழ்கி, ஈர உடையோடு பிரகாரத்தில் படுத்துத் துயில்வர். சாத்தந்தையார் உவமையில் சுட்டிய விழாவும் மகப்பேறும் மாரியும் இங்கு மீண்டும் ஒருசேர வருகின்றன. இம்முறை அப்பெண்ணே நேரில் வருகிறாள். விழா ஞாயிற்றுக்கிழமையில் அமைவதால் அதற்கு அவள் கம்பெனியில் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை.