மதிக்கு, ஒரு பழைய மாத்திரையைப் பற்றி

அன்புள்ள மதி,

உன் கடிதம் கிடைத்தது. முதுகலை முடித்த கையோடு ஆராய்ச்சிக்குப் போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். மகப்பேறா, புற்றுநோயா, கரு வளர்ச்சியா, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். "மூன்றும் மூன்று கட்டடத்தில் இருக்கின்றன பெரியம்மா, ஒன்றுக்குள் போனால் மற்றதை மறந்துவிட வேண்டியதுதான்" என்றும் எழுதியிருக்கிறாய். எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். அந்தக் கடைசி வரி மட்டும் சரியில்லை. ஏன் என்று சொல்ல, டி.இ.எஸ். என்ற மாத்திரையின் கதையைச் சொல்கிறேன்.

முழுப்பெயர் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால். 1938-இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் அறிவித்த செயற்கை ஈஸ்ட்ரோஜன். ஊசி வேண்டாம், வாயில் போட்டு விழுங்கினாலே வேலை செய்யும். காப்புரிமை எடுக்காததால் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், விலையும் மலிவு. 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், ஈஸ்ட்ரோஜன் ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயை அடக்குகிறது என்று காட்டினார். அந்த வேலைக்கு 1966-இல் நோபல் பரிசும் வந்தது. ஆக, இந்த மாத்திரை புற்றுநோய்க்கு மருந்தாகவும் பேர் வாங்கியது.

கர்ப்பிணிகளிடம் அதைக் கொண்டுபோனது ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிவ் ஸ்மித், ஜார்ஜ் ஸ்மித் தம்பதி. ஹார்மோன் குறைவதால்தான் கரு கலைகிறது, மாத்திரை கொடுத்தால் அந்தக் குறை தீரும் என்பது அவர்கள் கணக்கு. 1947-இல் அமெரிக்க அரசு அனுமதியும் கிடைத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், டாட்ஸும் சகாக்களும் 1938-லேயே இந்த வகை மருந்து முயல்களிலும் எலிகளிலும் ஆரம்பக் கர்ப்பத்தைக் கலைத்துவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். 1953-இல் சிகாகோவில் வில்லியம் டீக்மேன் குழு 1,646 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டி.இ.எஸ்., மறுபாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தது. எந்தப் பலனும் இல்லை. (அந்தப் பெண்களுக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. பின்னாளில் வழக்குப் போட்டார்கள்.) அதற்குப் பிறகும் 18 வருஷம் மருந்துச்சீட்டில் அந்தப் பெயர் இருந்தது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம் என்று விளம்பரம்கூட வந்தது. கம்பெனிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. இரண்டு மூன்று முறை கரு கலைந்து, கண்ணீரோடு வந்து உட்காரும் பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப எந்த மருத்துவருக்கும் மனம் வராது. எனக்கும் வந்ததில்லை.

அடுத்தது பாஸ்டன். யோனியில் சுரப்பித் திசுவிலிருந்து வரும் ஒரு வகைப் புற்றுநோய் வயதான பெண்களிடமே மிக அரிது. 1966-க்கும் 1969-க்கும் இடையில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அது 15 முதல் 22 வயதுக்குள் இருந்த ஏழு பெண்களிடம் தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்று மருத்துவர்கள் குழம்பிக்கொண்டிருக்க, நோயாளி ஒருத்தியின் அம்மாதான் கேட்டார்: "இவள் வயிற்றில் இருந்தபோது நான் ஒரு மாத்திரை சாப்பிட்டேனே, அதுவாக இருக்குமோ?" பெண்ணைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அம்மாவின் கர்ப்பகாலத்தைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், ஹோவர்ட் உல்ஃபெல்டர், டேவிட் பாஸ்கன்சர் மூவரும் 1971 ஏப்ரலில் வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் படி. சில பக்கம்தான். இன்னொரு மருத்துவமனை நோயாளி ஒருத்தியையும் சேர்த்து மொத்தம் எட்டுப் பேர். ஒவ்வொருத்திக்கும், அவள் பிறந்த அதே மருத்துவமனையில் ஐந்து நாள் முன்பின்னாகப் பிறந்த நான்கு ஆரோக்கியமான பெண்களை ஒப்பிட எடுத்தார்கள். ஆக 32 பேர். அம்மாக்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வித்தாள். எட்டு நோயாளிகளின் அம்மாக்களில் ஏழு பேர் டி.இ.எஸ். சாப்பிட்டிருந்தார்கள், 32 பேரில் ஒருவர்கூட இல்லை.

இதோடு கட்டுரையை மூடிவிடாதே. அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது. முன்பே கரு கலைந்த அனுபவம் எட்டு அம்மாக்களில் ஆறு பேருக்கு, 32 பேரில் ஐந்து பேருக்கு மட்டும். அப்படியானால் குற்றவாளி மாத்திரையா, அல்லது மாத்திரை கொடுக்கக் காரணமாக இருந்த அந்தக் கோளாறா? இந்தச் சந்தேகத்தை எட்டுப் பேரை வைத்துக்கொண்டு முழுசாகத் தீர்க்க முடியாது. தீர்க்க உதவியது கரு வளர்ச்சிக்காரர்களின் வேலை.

பெண் கருவில் முல்லர் குழாய்கள் என்று இரண்டு உண்டு. மேல்பகுதிகள் கருக்குழாய்களாகின்றன, கீழ்ப்பகுதிகள் ஒன்றாக இணைந்து கருப்பையும் யோனியின் மேற்பகுதியும் ஆகின்றன. குழாயின் உள்ளே முதலில் இருப்பது உயரமான தூண் வடிவச் செல்கள். யோனிப் பகுதியில் அவை விலகி, தட்டையான பல அடுக்குச் செல்களுக்கு இடம் விட வேண்டும். இது நடக்கும் நேரத்தில் டி.இ.எஸ். வந்தால் பழைய செல்கள் விலகாமல் திட்டுத் திட்டாகத் தங்கிவிடுகின்றன. நோயியல் ஸ்லைடில் பார்த்தால், சுரப்பியே இருக்கக்கூடாத இடத்தில் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கும். அடினோசிஸ் என்பார்கள். அந்தப் பெண்ணின் உடலில் ஹார்மோன்கள் விழிக்கும் வயதில், மிகச் சிலரிடம், அங்கேதான் புற்றுநோய் முளைக்கிறது. ஏழு அம்மாக்களும் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே மாத்திரையைத் தொடங்கியிருந்தார்கள் என்பதை இதோடு வைத்துப் பார்.

சுண்டெலி இங்கே கைகொடுத்தது. பிறந்த குட்டியின் இனப்பெருக்கப் பாதை, மனிதக் கரு சில மாதங்களில் இருக்கும் நிலையில்தான் இருக்கும். அதனால் தாயைத் தொடாமல் குட்டிக்கே மருந்து கொடுத்துப் பார்க்கலாம். கலைந்த கர்ப்பம், பழைய கோளாறு எதுவும் குறுக்கே வராது. உடலில் தானாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைக் குட்டியின் ரத்தத்தில் ஒரு புரதம் பிடித்துவைக்கும், டி.இ.எஸ். அதற்கு அகப்படுவதில்லை. ரீத்தா நியூபோல்டும் ஜான் மெக்லாக்லனும் 1980-களின் தொடக்கத்தில் எலிகளில் அடினோசிஸையும் புற்றுநோயையும் அப்படியே உண்டாக்கிக் காட்டினார்கள்.

எனக்கு ஆற்றாமை வரும் இடம் வேறு. பிறந்த சுண்டெலிக் குட்டிக்கு டி.இ.எஸ். கொடுத்தால் பின்னாளில் இனப்பெருக்க உறுப்புகளில் புற்றும் நீர்க்கட்டியும் வருகிறது என்று தெல்மா டன், ஏ. கிரீன் இருவரும் எழுதியது 1963-இல். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்விதழில். அடுத்த ஆண்டே பெர்க்லியின் ஹோவர்ட் பெர்ன் குழுவும் பச்சிளங்குட்டிக்குத் தந்த ஈஸ்ட்ரோஜன் யோனித் திசுவை நிரந்தரமாக மாற்றிவிடுவதை எழுதியது. பாஸ்டன் கட்டுரைக்கு ஏழெட்டு வருஷம் முன்பு! புற்றுநோய் ஆய்விதழை மகப்பேறு மருத்துவர் எதற்குப் படிக்கப் போகிறார்? 1971 நவம்பரில்தான் கர்ப்பிணிகளுக்குத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் சொன்னது. பிரான்சில் இன்னும் சில ஆண்டுகள் ஓடியது.

புற்றுநோய் என்னவோ ஆயிரத்தில் ஒரு மகளுக்குத்தான் வந்தது. அதிகம் பேரைத் தொட்டது குழந்தையின்மை. 2011-இல் வந்த நீண்டகால ஆய்வின்படி டி.இ.எஸ். மகள்களில் 33 சதவீதம் பேருக்கு அந்தச் சிக்கல், மற்றவர்களில் 15.5 சதவீதம். சிலருக்குக் கருப்பையே ஆங்கில 'டி' எழுத்து வடிவில் உருவாகியிருந்தது. முல்லர் குழாயின் எந்தப் பகுதி என்னவாக வேண்டும் என்று வரிசை சொல்லும் ஹாக்ஸ் மரபணுக்களில் ஒன்றை, வளரும் எலிக் கருவில் டி.இ.எஸ். அடக்குகிறது என்று 1998-இல் காட்டினார்கள்.

மருந்து சில வாரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். செல்லுக்கு இருபது வருஷம் கழித்தும் எப்படி நினைவிருக்கிறது? 1997-இல் எலிக் கருப்பையில் லாக்டோஃபெரின் என்ற மரபணுவின் மேல் இருக்கும் மெத்தில் குறிகள் மாறியிருப்பதைக் கண்டார்கள். அதில் தொடங்கி இன்றுவரை வந்தவற்றைத் தேடிப் பார். 1971 அட்டவணையை மட்டும் அச்செடுத்து வை. தீபாவளிக்கு வரும்போது எடுத்துவா, ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பார்ப்போம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பிரியமுடன்,
பெரியம்மா