ஆங்கிலப் பாடம்: பில்லும் வினைச்சொல்லும்

"வீ பே த பில்" என்பது செய்வினை. "த பில் இஸ் பெய்ட் பை அஸ்" என்பது செயப்பாட்டு வினை. இதில் "பெய்ட்" எக்காலத்தும் மாறாது. காலத்தைக் காட்டுவது அதற்கு முன் நிற்கும் சொல்லே.

நிகழ்காலம்: இஸ் பெய்ட்.
இறந்தகாலம்: வாஸ் பெய்ட்.
முடிந்தாயிற்று: ஹாஸ் பீன் பெய்ட்.
எதிர்காலம்: வில் பி பெய்ட்.

கடிதத்தில் "ஹாஸ் பீன்" என்றிருந்தால் பணம் கட்டியாயிற்று என்று பொருள். "வில் பி" என்றால் இன்னும் கடன்தான். "பை" இல்லையேல் கட்டியவர் யாரென்றும் விளங்காது. ஆகவே, கையொப்பமிடுமுன் இவ்விரண்டையும் கவனியுங்கள்.

பயிற்சி: "ஹீ ஸோல்ட் த ரைஸ்" என்பதை மாற்றி எழுதுக.

விடை: "த ரைஸ் வாஸ் ஸோல்ட் பை ஹிம்."