விலங்கிட முடியாத தாளம்

அடிமையாக விற்கப்பட்டவருக்கு எதுவும் சொந்தமில்லை. ஊர் போனது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேச ஆளின்றி மறைந்தது. பெரும்பாலும் எசமானின் மதமே அவருடைய மதமாயிற்று. எனினும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததியினரிடம் இன்றும் எஞ்சியிருக்கிறது அவர்களது இசை. அது எப்படித் தப்பியது?

ஆபிரிக்கச் சமூகங்கள் பலவற்றில் முரசு வெறும் இசைக்கருவி அன்று. முன்னோரை நினைவுகூர்வதும், நோயாளிக்காக வேண்டுவதும், இறந்தவரை வழியனுப்புவதும் அதன் ஒலியோடுதான். அதன் வலிமையை எசமானர்களும் அறிந்திருந்தனர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739 இல் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே அவர்கள் முரசு பயன்படுத்துவதைச் சட்டம் தடுத்தது. ஆனால் முரசு போனதும் கையும் காலுமே முரசாயின. வட்டமாகச் சுற்றிவந்து, தரையைக் காலால் தட்டி, ஒருவர் பாட மற்றவர்கள் மறுபாட்டுப் பாடி வழிபட்டனர். உடலையே கருவியாக்கிக் கொண்டவர்களிடமிருந்து எதைப் பறிப்பது?

இது எங்கோ தொலைவில் நடந்த கதை மட்டுமல்ல. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்கர்களை இலங்கைக்கும் கொண்டுவந்தனர். 1844 இல்தான் இங்கு அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அவர்களின் சந்ததியினரே காப்பிரியர். திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளிலும் இவர்கள் வாழ்ந்துள்ளனர். இன்று இவர்களை அதிகமாகக் காணக்கூடிய இடம் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடிக் கிராமம்.

இவர்களின் இசைக்கு மாஞ்சா என்று பெயர். பாடல்கள் நம் ஊர்ப் பறங்கியர் பேசிவந்ததைப் போன்ற போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை. சில வரிகளே திரும்பத் திரும்ப வரும். மெல்லத் தொடங்கும் தாளம் படிப்படியாக வேகமெடுக்கும். றபான், சிரட்டை, கரண்டி, நாணயத்தால் தட்டும் போத்தல் ஆகியவையே கருவிகள். எல்லாம் வீட்டில் கிடைப்பவை. இன்று இவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். வழிபாடு தேவாலயத்துக்குப் போய்விட்டது. தாளம் வீட்டு முற்றத்திலேயே தங்கிவிட்டது.

இந்தியாவின் குஜராத்தில் வாழும் சித்தியரிடம் தாளமும் வழிபாடும் பிரியவில்லை. ஆபிரிக்க வம்சாவளியினரான இவர்கள் முஸ்லிம்கள். ரத்தன்பூரில் பாவா கோர் என்ற பெரியாரின் தர்கா இருக்கிறது. அங்கு இவர்கள் முரசடித்து ஆடிப்பாடுவதற்குக் கோமா என்று பெயர். சுவாஹிலி மொழியில் முரசையும் ஆட்டத்தையும் குறிக்கும் 'ங்கோமா' என்பதே அச்சொல். பேசிய மொழி மறைந்தபோதும், முரசின் பெயர் மறையவில்லை. இவர்கள் பிலால் (ரழி) அவர்களைத் தம் முன்னோராகப் போற்றுகின்றனர்.

முஸ்லிம் மாணவியாகிய என்னைச் சிந்திக்க வைத்தது 'காப்பிரி' என்ற சொல். இறைமறுப்பாளரைக் குறிக்கும் 'காபிர்' என்ற அரபுச் சொல்லே அதன் வேர். கிழக்காபிரிக்கக் கரையில் வணிகம் செய்த அரேபியர் அங்கிருந்த முஸ்லிமல்லாதோரை அப்படி அழைத்தனர். போர்த்துக்கேயர் அதை இரவல் வாங்கினர். அடிமை வணிகத்தில் ஐரோப்பியர் மட்டுமன்றி முஸ்லிம் வணிகரும் ஈடுபட்டனர். இதை மறைத்துவிட்டு வரலாறு படிப்பது நேர்மையாகாது.

நம் மார்க்கம் காட்டிய முன்மாதிரியோ வேறு. நெஞ்சில் பாறாங்கல் வைத்து வதைக்கப்பட்ட ஹபஷி அடிமை பிலால் (ரழி) அவர்களை அபூபக்கர் (ரழி) அவர்கள் விலைகொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள். அந்தக் குரலைத்தான் நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்லத் தெரிவு செய்தார்கள்.

தோழியரே, இலங்கையில் காப்பிரியர் தமக்கு இடப்பட்ட பெயரைத் தமதாகவே ஏற்றுக்கொண்டனர். ஆனால் அவர்களின் கிரியோல் மொழியைப் பேசக்கூடிய முதியோர் குறைந்துகொண்டே வருகின்றனர். மாஞ்சாவை மேடையில் கண்டு கைதட்டுவது மட்டும் போதாது. ஒவ்வொரு பாட்டின் பொருளையும் அவர்களிடமே கேட்டு எழுதிவைக்க வேண்டும். தாளம் தானாக வாழ்ந்துவிட்டது; சொல்லுக்குத்தான் இனி நம் உதவி தேவை.