மேகங்களில் பனிக்கருக்கள்: செயற்கை மழை முயற்சிக்கு ஓர் அடிப்படை

மைசூருக்கு அருகேயுள்ள கிருஷ்ணராஜ சாகர் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு சுமார் 49 டி.எம்.சி. அது நிரம்புவது பெரும்பாலும் குடகு மலைகளில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் ஆகும். பருவமழை பொய்த்த காலங்களில் கர்நாடக அரசு 2003-இல் ‘வருணா’, 2017-இல் ‘வர்ஷதாரி’ என்னும் மேக விதைப்புத் திட்டங்களை மேற்கொண்டது. இத்தகைய முயற்சி எப்போது பயன் தரும் என்பதை அறிய, மேகத்தினுள் நிகழ்வதை முதலில் உணர வேண்டும்.

மழைக்காலத்தில் நம் பகுதியில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே இறங்குகிறது. எனினும் மேகத்துளிகள் உடனே உறைவதில்லை. தூய நீரின் நுண்துளி மைனஸ் 38 பாகை செல்சியஸ் வரை திரவமாகவே நிற்கக்கூடும். அதற்கு முன்பே உறைய வேண்டுமாயின், பனிப்படிகம் உருவாக இடந்தரும் திடத்துகள் ஒன்று தேவை. இதுவே பனிக்கரு. காற்றிலுள்ள துகள்களில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்றே இப்பணிக்குத் தகுதியுடையது. அவ்வாறு தோன்றிய படிகம், சுற்றியுள்ள துளிகளின் ஆவியை ஈர்த்து விரைந்து வளர்ந்து, கீழிறங்குகையில் உருகி மழையாகிறது.

பாலைவனத் தூசி, குறிப்பாக அதிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமம், சிறந்த பனிக்கருவாகும். நிலத்திலிருந்து வெகுதொலைவிலுள்ள தென் பெருங்கடலில் இத்தூசி அரிது. ஆகவே அங்குள்ள மேகங்களில் உறையாத குளிர்நீர் மிகுதி. அலைகள் சிதறும் நீர்த்திவலைகளோடு மேலெழும் கடலுயிர்களின் கரிமப் பொருள்களே அங்கு ஓரளவு பனிக்கருக்களாகின்றன. அரபிக்கடலின் நிலை வேறு. கோடையில் அரேபியப் பாலைவனங்களின் தூசி அக்கடல்மீது பரவுகிறது. எனவே ஒரு கடலில் கண்ட முடிவை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்தலாகாது.

வெள்ளி அயோடைடின் படிக அமைப்பு பனியினுடையதை ஒத்தது என்பதைக் கண்டு, 1946-இல் அமெரிக்க அறிஞர் பெர்னார்ட் வானகட் அதனைச் செயற்கைப் பனிக்கருவாகப் பயன்படுத்தினார். ஆயின் உறையாத குளிர்நீர் மிகுந்தும், இயற்கைப் பனிக்கருக்கள் குறைந்தும் உள்ள மேகத்திலேயே அது பயன்படும். உறைநிலை உயரத்தை எட்டாத மேகங்களுக்கு ஈரம் ஈர்க்கும் உப்புத் துகள்களே ஏற்றவை. மேகமே இல்லாத வானில் எந்த விதைப்பும் பலன் தராது.

ஆகவே அளவீடே முதற்படி. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009 முதல் ‘கைபெக்ஸ்’ திட்டத்தின்கீழ் விமானங்கள் மூலம் மேகங்களை ஆராய்ந்தது இந்நோக்கிலேயே. வறட்சி வந்தபின் விமானத்தைத் தேடுவதினும், மேகங்களின் தன்மையை ஆண்டுதோறும் பதிவு செய்வதே பொதுப்பணம் வீணாகாமல் காக்கும் வழியாகும். ஏரிகளைத் தூர்வாருதலும் நீர்ச் சிக்கனமும் எந்நாளும் இதனோடு இணைந்து நடைபெற வேண்டியவை.