மலையிடுக்கு வழியும் மலைபடுகடாமும்

பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்பது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும் இந்நூல் 583 அடிகளால் ஆயது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத்துத் தலைவன் நன்னனைப் பாடியது. இதனைப் பாடங்கேட்கும் நம்மனோர், தலைவனது கொடைச்சிறப்பே நூற்பொருள் என்றும், இடையே நெடுக வரும் மலைவழிப் பகுதி இயற்கை வருணனை என்றும் ஏட்டிற் குறித்துக்கொள்வது வழக்கம். யானும் சென்ற பருவத் தேர்வில் அவ்வாறே எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. அது பிழை என்பதனை ஒரு பாறையிடுக்கில் வழுக்கி வீழ்ந்தபோது அறிந்தேன். அவ்வாறு அறிந்ததனையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

சென்ற பங்குனியில் நண்பர் ஐவர் முதுகிற் பைகளைக் கட்டிக்கொண்டு செஞ்சிக்குச் சென்றோம். முதல் நாள் இராசகிரி ஏறினோம். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள அக்குன்றின் முடியை அடையுமுன் ஒரு பிளவு குறுக்கிடும்; அகலம் ஏறத்தாழ 24 அடி, ஆழம் 60 அடி. கோட்டை கட்டியோர் அதனையே அகழியாகக் கொண்டு மேலே ஒரு பாலம் இட்டனர். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை முற்றியிருந்தது எனச் சரித்திரம் கூறும். அப்பாலத்தில் நின்று கீழ் நோக்குவார்க்கு அத்துணை ஆண்டுகள் சென்றமைக்குக் காரணம் விளங்கும். 2025-ஆம் ஆண்டில் மராட்டியர் கோட்டைகளுள் ஒன்றாக இதனையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிற் சேர்த்தனர். நிற்க, இராசகிரிக்குப் படிகள் உண்டு. படியுள்ள மலையில் கால் தானே போகும். கண்ணுக்கு வேலை இல்லை.

மறுநாள் சென்ற இடமே இக்கட்டுரைக்கு உரியது. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரும் சாலையின் இருமருங்கும், பெருங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தாற்போன்ற குன்றுகள் உள. அவற்றுள் ஒன்றன் இரு பாறைத்திரள்களுக்கு இடையே மழைநீர் இறங்கும் ஓர் ஒடுக்கம் உண்டு. ஆடு மேய்ப்போர் அதன் வழியே மறுபுறம் செல்வர் என்று கேட்டு, நாங்களும் நுழைந்தோம். சில இடங்களில் பையைக் கழற்றி முன்னே தள்ளினாலன்றி உடல் புகாது. வெளியே வெயில் காய்ந்தது; உள்ளே குளிர்ந்த நிழலும், மழைக்காலத்து நீர் எஞ்சிய குட்டைகளும் இருந்தன. ஒரு கவர்வழியில் இடப்பக்கம் திரும்பி, ஏற இயலாத ஒரு நெடும்பாறையின் அடியில் முட்டித் திரும்பியதில் ஒரு மணி நேரம் வீணாயிற்று.

ஈண்டுப் பாலை என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். வனாந்தரம் என்றவுடன் நாம் மணற்காட்டையே நினைக்கின்றோம். தமிழ் நூலோர் பாலைக்கெனத் தனி நிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை எனும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. ஆகவே ஒரே குன்று மார்கழியிற் குறிஞ்சியாகவும் சித்திரையிற் பாலையாகவும் நிற்கும். இதனைப் பங்குனி மாதத்துச் செஞ்சிப் பாறைமீது கை வைத்துப் பார்த்தவன் மறுக்கமாட்டான்.

மலைபடுகடாத்தில் வழிச்செல்லும் கூத்தர் சுமந்து செல்லும் மூட்டைக்குக் கலப்பை என்று பெயர். உழுபடை அன்று, கலங்கள் பெய்த பை. முழவு, தூம்பு முதலிய இசைக்கருவிகளைக் கார்காலத்துப் பலாக்காய்க் கொத்துப் போலக் கட்டி, இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு காவிக்கொண்டு சென்றனர் என்று புலவர் நூலின் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். எடை ஒத்திருத்தல் என்ற அச்சிறு குறிப்பை யான் பலமுறை படித்தும் பொருட்படுத்தவில்லை. எங்களுள் ஒருவர் பையில் நீர்ப்புட்டிகள் யாவும் ஒரே பக்கத்தில் இருந்தமையால், அவர் ஒவ்வொரு பாறையிலும் வலப்புறமே சாய்ந்து இடித்துக்கொண்டார்.

யான் வீழ்ந்தது மூன்றாவது குட்டையில். நீர் முழங்கால் அளவே. அதன் ஓரத்துப் பாறைமீது பச்சைப் பட்டு விரித்தாற்போல் பாசி படர்ந்திருந்தது. அதனை வியந்துகொண்டே அடி வைத்தேன். முழங்கை சிராய்த்தது, பை நனைந்தது, அதனுள் இருந்த பத்துப்பாட்டுப் புத்தகமும் நனைந்தது. பின்னே வந்த நண்பர் இருவர் எனக்குக் கை கொடுக்க ஒருங்கே விரைந்து, அவரும் தடுமாறினர். அப்போது மேலேயிருந்து ஆட்டுக்காரர் ஒருவர் கூவினார்: "நாணலைப் புடிச்சிக்கோ தம்பி! எல்லாரும் ஒண்ணா வராதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க!"

அவர் சொற்படியே செய்து கரையேறினோம். ஏறியபின் நனைந்த புத்தகத்தை வெயிலில் விரித்து வைத்தபோது, அவர் கூறியதனையே பெருங்கௌசிகனாரும் கூறியிருத்தல் கண்டு திகைத்தேன். நுண்ணிய பாசி மூடிய வழுக்குநிலம் அடியைத் தளரச் செய்யும். ஆண்டு நெருங்கி வளர்ந்த சிறுமூங்கிலையும் எருவைக்கோலையும் பற்றிக்கொண்டு கடந்து செல்க என்பது அவர் சொல்லும் ஒன்று. ஆழ்ந்த நீரின் ஓரமாகச் செல்லுங்கால் பருத்த கொடி சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்து, சிறுவரையும் உடன்கொண்டு, ஒருவர் ஒருவராக, ஒருவரை ஒருவர் காத்துச் செல்க என்பது மற்றொன்று. இவை வருணனையாயின், இரயில் நிலையத்து எச்சரிக்கைப் பலகையும் வருணனையே.

இவ்வகையில் நோக்கப் புகுந்தால் அப்பகுதி முழுதும் வேறு முகம் காட்டுகின்றது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருத்தலின் இருளில் நடவாது விடிந்தபின் செல்லச் சொல்கிறார். பரற்கற்களுக்கு இடையே பாம்பு ஒடுங்கும் குழிகள் உள. இடத்தைக் குறிக்கொண்டு, வழியினின்று சற்றே விலகி வலப்பக்கமாகப் போகச் சொல்கிறார். தினைப்புனங் காப்போர் யானையை ஓட்டக் கவண்கல் எறிவர். அக்கல் யார்மீது படும் என்று அறியாதாகலின் மரத்தின் மறைவிற் செல்லச் சொல்கிறார். இரவு வந்தால் தம் வீட்டிற் புகுந்தாற்போலக் கல்முழையிற் புகுந்து தங்கலாம். வழி தப்பினால் இசைக்கருவியை ஒலிக்கலாம். கானவர் கேட்டு வந்து, பழமும் தந்து, முன்னே நடந்து வழி காட்டுவர். உயிரோடு போய்ச் சேர்வதற்கு இவற்றுள் எது வேண்டாதது? நன்னனது கொடையைப் பாடுதற்கு இத்துணை நுட்பம் வேண்டுவதில்லை. அவ்வழியே முன் நடந்து, ஒருகால் தாமும் வழுக்கி வீழ்ந்தவரே இவ்வாறு எழுத இயலும் என்பது என் கருத்து. என் ஆசிரியர் இதனை முற்றும் ஒப்பவில்லை. ஆற்றுப்படை என்பது ஓர் இலக்கிய மரபு, புலவன் நேரிற் காணாமலும் பாடலாம் என்பது அவர் கொள்கை. அது பொதுவாக மெய்யே. ஆயினும் பாசியும் எருவையும் ஓரிடத்தே சேர்ந்து வளர்வதனை மரபு கற்பிக்குமோ?

இதனோடு நம் ஊர்க்குரிய மற்றோர் ஆற்றுப்படையையும் ஒப்புநோக்கலாம். சிறுபாணாற்றுப்படைத் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இத் திண்டிவனம் சூழ்ந்த நாடு. அவன் ஊராகிய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. அந்நூலின் வழி கடற்கரை எயிற்பட்டினத்தில் தொடங்கி, வேலூர், ஆமூர் வழியே சமநிலத்தில் வருவது. ஆதலின் அதனுள் இடரினும் உணவே மிகுதி: எயிற்பட்டினத்தில் மீன், வேலூரிற் புளி சேர்த்த சுடுசோறு, ஆமூரில் நண்டுக்கறியோடு வெண்சோறு. இரு புலவரும் தத்தம் நிலத்துக்கு வேண்டியதனையே சொன்னார். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் சாலை செங்கத்தையும் தொட்டுச் செல்கின்றது. அச்செங்கமே நன்னனது செங்கண்மா. ஆகவே கிடங்கிலும் செங்கண்மாவும் இன்று ஒரே பேருந்துச் சாலையில் உள்ளன.

கிறிஸ்தவ மாணவர்க்கு மலையிடுக்கு வழி புதிதன்று. சவுலுக்கு அஞ்சித் தாவீது ஒளித்திருந்த என்கேதி, சாக்கடலின் மேல்கரையில் உள்ள வறண்ட மலைப்பிளவு. ஆயினும் அங்கு ஊற்றும், அருவியும், குட்டைகளும் என்றும் வற்றுவதில்லை. 3000 பேருடன் சவுல் அவனைத் தேடிச் சென்றது வரையாடுகளுள்ள கன்மலைகளின்மேல் என்று சாமுவேலின் முதல் புத்தகம் கூறுகின்றது. சங்க நூல்கள் வருடை என்பது இவ்வினத்து விலங்கையே. அக்கன்மலைகளிலும் வழியறிந்தவனே பிழைத்தான். படை பெரிது என்பது பயன்படவில்லை. யோபு தம்மைக் கைவிட்ட நண்பரை வனாந்தரத்து ஓடைகளுக்கு ஒப்பிடுகிறார். மழையிற் பெருகி, வெயிலில் மறைந்து, நம்பி வந்த பயணக் கூட்டத்தை நாணச் செய்யும் ஓடைகள் அவை.

பெருகுதல் என்றேனே, மலையிடுக்கில் உயிர்க்கு முதற்பகை அதுவே. அமெரிக்க நாட்டில் உட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையருகே பக்ஸ்கின் கல்ச் என்றொரு பிளவு உண்டு. மணற்கல்லை வெள்ளநீர் அறுத்து ஆக்கியது. 20 கிலோமீட்டர்க்கு மேல் நீளும் அதனுள், சில இடங்களில் இரு கைகளையும் விரித்தால் இருபுறச் சுவரும் தட்டும். சேற்றுக் குட்டைகளைக் கடந்தும், பெரும்பாறைகள் அடைத்த இடத்திற் பையைக் கயிற்றால் இறக்கிவிட்டுப் பின் தாம் இறங்கியும் செல்வர். அங்கே நடப்போர் தலைக்கு மேல் மிக உயரத்தில் இரு சுவர்க்கும் இடையே மரங்கள் செருகி நிற்கும். அவற்றை அங்குக் கொண்டு வைத்தது வெள்ளமே. அம்மாநிலத்து ஆண்டிலோப் பிளவில் 1997 ஆகஸ்டு 12 அன்று 11 பேர் மாண்டனர். பல கல் தொலைவிற் பெய்த மழை, அவர் நின்ற இடத்திற்குச் சுவர்போல் வந்தது. யோர்தான் நாட்டுப் பெத்ராவின் நுழைவாயிலான மலைப்பிளவில் 1963 ஏப்ரலில் பிரெஞ்சு யாத்திரிகர் இருபதுக்கு மேற்பட்டோர் அவ்வாறே மாய்ந்தனர்.

இது தொலைநாட்டுச் செய்தி என்று நம்மவர் இருத்தல் இயலாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதன்பின் மேற்கே மலைநாட்டிற் பெய்த மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, திறந்துவிட்ட நீர் தென்பெண்ணை வழியே வந்து நம் மாவட்டத்து ஊர்களுட் புகுந்தது. அரசூர் அருகே நெடுஞ்சாலையும் மூழ்கியது. எங்கள் தலைமீது வானம் வெளுத்திருந்ததே என்று அப்போது கூறினோர் பலர். களவொழுக்கத்தில் தோழி, தலைவன் இரவில் வரும் மலைவழியை எண்ணி நடுங்குதற்கு ஆறு பார்த்துற்ற அச்சம் எனப் பெயரிட்டனர் நம் முன்னோர். காட்டாற்றின் பெருக்கை அவ்வச்சத்துக்குக் காரணமாக வைத்தது வெறும் பாட்டுக்காக அன்று என்று இப்போது நினைக்கின்றேன்.

எங்கள் ஒடுக்கத்துக்கு வருவோம். மறுபுறம் வெளிவந்தபின், ஆட்டுக்காரருடன் அதே வழியே திரும்பினோம். காலையில் நாங்கள் வழிதப்பிய கவர்வழியை அடைந்ததும் எனக்கு மலைபடுகடாத்தின் மற்றோர் இடம் நினைவுக்கு வந்தது. முன்பின் அறியாத நாட்டிற் செல்வோர், கவர்வழியிற் பின் வருவோர் மயங்காதவாறு புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்று புலவர் கூறுகிறார். உடனே அங்கிருந்த நெடும்புல் ஒருபிடியைச் சேர்த்து, சரியான பக்கம் நோக்கி முடிச்சிட்டு, நண்பர்க்கு நூலின் பெருமையை எடுத்துரைக்கலானேன்.

ஆட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "புல்லை ஆடு மேஞ்சிடும், தம்பி" என்று கூறி, தட்டையான கற்கள் மூன்றைத் தேடியெடுத்து, முடிச்சின் அருகே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு சென்றார்.