தலைவலியும் ஆஸ்பிரின் மாத்திரையும்



விடியற்காலையில் நீங்கள் வெட்டிய மரத்தில் பால் வடிகிறது. சில மணி நேரம் சென்றதும் அது தானே நின்றுவிடுகிறது. உறைந்த பால் பட்டையிலுள்ள பாற்குழாய்களின் வாயை அடைத்துக்கொள்வதே காரணம். பாலில் மிதக்கும் 'லூட்டாயிட்' என்னும் நுண்துகள்கள் உடைந்து இவ்வடைப்பை உண்டாக்குகின்றன என்பதை மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழக அறிஞர்கள் 1960களில் விளக்கினர். மரத்திற்கு ஊக்க மருந்து பூசினால் அடைப்புத் தாமதமாகிறது. பால் நெடுநேரம் வடிகிறது.

மனித இரத்தத்திலும் இதனையொத்த ஏற்பாடு உண்டு. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை தட்டணுக்கள் உள்ளன. காயம் பட்ட இடத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகின்றன. ஆஸ்பிரின் இவ்வொட்டுந் தன்மையைக் குறைக்கிறது. இதனால்தான் மாரடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவர் அதனைக் கொடுக்கிறார். அதே மாத்திரை வேறொரு வேளையில் ஆபத்தாகவும் முடியும். அதனை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

மூளையில் புடைப்பு

பழைய ரப்பர்க் குழாயின் நலிந்த பகுதி நீரின் அழுத்தத்தால் புடைப்பதைக் கண்டிருப்பீர்கள். மூளைக்குச் செல்லும் தமனியிலும் அவ்வாறு புடைப்புத் தோன்றலாம். இதற்கு 'அனியூரிசம்' என்று பெயர். உயர் இரத்த அழுத்தமும் புகைபிடித்தலும் இதற்குத் துணை செய்கின்றன. புடைப்பு வெடித்தால் இரத்தம் மூளையைச் சுற்றிப் பரவும். வாழ்நாளில் கண்டிராத கடுந்தலைவலி ஒரு நொடியில் இடிபோல் தாக்கும். வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம், வலிப்பு ஆகியனவும் தோன்றலாம்.

அந்நேரத்தில் வெடித்த துவாரத்தை அடைத்து உயிரைக் காத்து நிற்பது ஒரு சிறு இரத்தக் கட்டியே. அது கரைந்தாலோ பெயர்ந்தாலோ மறுபடியும் இரத்தம் பீறிடும். இவ்வாபத்து முதல் 24 மணி நேரத்தில் மிகுதி. ஆகவே, திடீர்க் கடுந்தலைவலிக்கு வீட்டிலுள்ள ஆஸ்பிரினைக் கொடுப்பது, அடைபட்டு நிற்கும் காயத்திற்கு ஊக்க மருந்து பூசுவதற்கு ஒப்பாகும்.

மருத்துவரின் இக்கட்டு

முன்னர் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கவ்வி பொருத்துவதே முதன்மையான சிகிச்சையாக இருந்தது. 1937இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி இதனைத் தொடங்கினார். 1991இல் குக்லியெல்மி என்னும் இத்தாலிய மருத்துவர் வேறொரு முறையை வெளியிட்டார். தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்பினுள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பும் முறை அது. சுருளைச் சுற்றி இரத்தம் உறைந்து புடைப்பு அடைபடும். இரு முறைகளுக்கும் ஏற்றவரான 2,143 நோயாளிகளைக் கொண்ட ஆய்வொன்று 2002இல் வெளியாயிற்று. ஓராண்டிற்குப் பின் இறந்தோர் அல்லது பிறர் தயவில் வாழ நேர்ந்தோர் சுருள் முறையில் நூற்றுக்கு 24 பேர்; கவ்வி முறையில் 31 பேர்.

எனினும் ஓர் இடர் உண்டு. புடைப்பினுள் உறைதல் நன்மை. அருகிலுள்ள நல்ல தமனியில் உறைந்தால் பக்கவாதம். புடைப்பின் வாய் அகன்றிருந்தால், சுருள் வெளியே நழுவாதபடி தமனியில் 'ஸ்டென்ட்' என்னும் கம்பிவலைக் குழாயைப் பொருத்த நேரிடலாம். அந்த உலோகத்தில் தட்டணுக்கள் ஒட்டாதிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தேவை. வெடிக்காத புடைப்பாயின் சில நாள் முன்னரே இவற்றைத் தொடங்கலாம். வெடித்த புடைப்பிற்கோ அந்த அவகாசம் இல்லை. மேலும், மூளையில் தேங்கும் நீரை வடிக்கக் குழாய் செருகவேண்டி வந்தால், இம்மருந்துகளால் அங்கும் இரத்தம் கசியலாம்.

ஆதலால் மருத்துவர்கள் இயன்றவரை ஸ்டென்டைத் தவிர்க்கின்றனர். சுருளை மட்டும் வைப்பர்; அல்லது சிறு பலூனைத் தற்காலிகமாக ஊதிச் சுருளைத் தாங்கச் செய்து பின்னர் எடுத்துவிடுவர்; அல்லது கவ்வி முறையை நாடுவர். ஸ்டென்ட் இன்றியமையாததாயின், புடைப்பு அடைபடும் தருணத்தைப் பார்த்து மருந்தைத் தொடங்குவர். சில வேளைகளில் 'டைரோபிபான்' என்னும் ஊசிமருந்து பயன்படுகிறது. அதனை நிறுத்தினால் சில மணி நேரத்தில் தட்டணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பும். ஆஸ்பிரினோ தட்டணுவின் ஆயுள் முழுவதும், அதாவது 7 முதல் 10 நாள் வரை, அதனை விடாது. நோயாளி முன்பே ஆஸ்பிரின் உண்டிருந்தால் மருத்துவர் அதனைக் கட்டாயம் அறியவேண்டுவது இதனாலேயே.

நம் கடமை

பிரட்டிலோ, பால் வெட்டும் நிரையிலோ ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் பின்வருமாறு செய்க:

1. 999 என்ற எண்ணை அழையுங்கள்; இயலாவிடில் கிடைக்கும் வாகனத்தில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். "வெயில்தான், படுத்தால் சரியாகும்" என்று வீட்டில் கிடத்தாதீர்கள்.

2. ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ கொடுக்காதீர்கள். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

3. அவர் வழக்கமாக உண்ணும் மாத்திரைகளை உறையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது உண்டார் என்பதையும் கூறுங்கள்.

4. ஸ்டென்ட் பொருத்தி வீடு திரும்பியவர் மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. நிறுத்தினால் தமனி அடைபடக்கூடும். பல் பிடுங்க நேர்ந்தாலும் மருத்துவரை முதலில் கேளுங்கள்.

இதயநோய்க்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை உண்பவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டு அதனை நிறுத்த வேண்டா. மாத்திரை ஒன்றே, அது உதவும் வேளையும் கெடுக்கும் வேளையும் வெவ்வேறு. வேளையறிந்து கொடுப்பது மருத்துவரின் பொறுப்பு. காலந்தாழ்த்தாமல் நோயாளியை அவரிடம் சேர்ப்பது நம் பொறுப்பு.